சாயங்காலம் அப்பாவும் வர வேண்டும்

அண்ணனைப் போலீஸ் பிடித்துவிட்டது என்று கேள்விப்பட்டபோது நான் சிரித்துவிட்டேன். திருடர்களுக்கு மீசை இருக்கும் என்று ஐந்தாம் வகுப்பில் உறுதியாக நம்பியிருந்தேன். அண்ணனுக்கு அது இன்னும் சரியாக முளைக்கவில்லை.

ஒரகடம் பக்கம் கட்டிக்கொண்டிருந்த ஒரு கம்பெனிக்குள் இரண்டு கூட்டாளிகளோடு சுவரேறிக் குதித்துச் செம்புக் கம்பியை வெட்டியிருக்கிறான். வாட்ச்மேன்கள் மூவரையும் வளைத்துவிட்டார்கள்.

மறுநாள் பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியை அறையில் விசாரணை. அம்மா ஷிப்டுக்குப் போய்விட்டதால் அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு போனார். நிலத் தரகர் அவர். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில், பேசி முடித்துவிடலாம் என்ற முகத்தோடுதான் வந்தார். எதிரே இன்ஸ்பெக்டர். தலைமையாசிரியை ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"உங்க பையன் எத்தனாவது படிக்கிறான்?"

"எட்டாவதுங்க."

அண்ணன் பத்தாவது. ஸ்டேஷனில் வாங்கிய அறைக்கு அழாதவனுக்கு அப்போது வாய் கோணியது.

"ஒரு மாசமா அவன் ஸ்கூலுக்கே வரல. ஆள் அனுப்பிச்சா, வீடு பூட்டிக் கெடக்குன்னு திரும்பி வராங்க," என்றார் தலைமையாசிரியை.

வழக்கு வேண்டாம் என்று முடிவானது. ஆனால் இரண்டு மாதம், தினமும் சாயங்காலம் பி.டி. சாரிடம் மூவரும் கபடி ஆட வேண்டும். முடியும்வரை அவரவர் அப்பா மைதானத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

"தப்பு பண்ணது அவன். நான் இன்னாத்துக்கு சார் வரணும்?"

"எத்தனாவது படிக்கிறான்னு தெரிஞ்சிக்கினு போறதுக்கு," என்றார் இன்ஸ்பெக்டர்.

அப்பா வந்தார்; நானும் கூடப் போவேன். ஆட்டத்துக்கு முதுகைக் காட்டி, புங்கமரத்தடியில் செல்போனில் சென்ட் கணக்குப் பேசிக்கொண்டிருப்பார். ஒருநாள் போனில் சார்ஜ் தீர்ந்துபோக, வேறு வழியில்லாமல் திரும்பிப் பார்த்தார். அண்ணனை நான்கு பேர் அமுக்கிக்கொண்டிருந்தார்கள். "வுடாதடா! கோட்டத் தொட்றா!" என்று அப்பா எழுந்து கத்திய கத்தலில் மைதானமே நின்றுவிட்டது. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அதன்பிறகு அவரே முன்னால் வந்து உட்கார்ந்தார். திரும்பும்போது டீக்கடையில் எங்களுக்கு போண்டா வாங்கித் தந்தார்.

இரண்டு மாதம் முடிந்தது. இன்ஸ்பெக்டர் அண்ணன் தோளில் தட்டிவிட்டுப் போனார். மறுநாள் அப்பா வரவில்லை. சென்னையிலிருந்து பார்ட்டி வந்திருந்ததாம். அதற்கடுத்த நாளும் வரவில்லை. ஒரு வாரம் அண்ணன் தனியாகப் போய் ஆடிவிட்டு வந்தான்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, நல்ல வெயிலில், அந்தக் கம்பெனியின் கிழட்டு வாட்ச்மேன் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"உங்க பையன், வெட்டுன கம்பிய வச்சிக்கினு கேட்டாண்டயே நிக்கிறாம்மா. பாவம்னு, ஓடிப்போடான்னு சொல்லிப் பாத்துட்டேன். எங்கப்பாவ வரச் சொல்லுன்றான்."

அம்மா கதவைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அப்பா செருப்புகூடப் போடாமல் வண்டியை எடுத்தார். அதன்பின், யாரும் சொல்லாமலே, அண்ணன் அந்தப் பள்ளியைவிட்டுப் போகும்வரை அவர் மைதானத்துக்கு வந்தார்.

எனக்கோ அண்ணன்மேல் கோபமான கோபம். நாலு பேரை இழுத்துக்கொண்டு கோட்டைத் தொடுகிறவன், ஒரு கிழவரிடமிருந்து ஓடத் தெரியாமல் நின்றானே! சரியான முட்டாள் என்று தெருவெல்லாம் சொல்லித் திரிந்தேன்.