தெருவே தும்மலுக்கு வாழ்த்திய ஊஞ்சல் மெட்டு

எந்த ஆண்டு என்பதில் என் தங்கைக்கும் எனக்கும் இன்றும் வாதம் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டு முடிய ஓரிரு வருஷங்களே இருந்தன என்பதோடு விட்டுவிடுகிறேன். நாளில் மட்டும் சந்தேகமில்லை: பங்குனி அமாவாசை. அமாவாசையன்று ஆரணியில் யாரும் தறியில் உட்காரமாட்டார்கள். அந்த நிசப்தத்துக்காகவே தங்கையின் கணவர் அந்த நாளைத் தேர்ந்தெடுத்தார்.

அவருக்கு ரங்கூனில் உத்தியோகம். மனைவியையும் கைக்குழந்தையையும் அழைத்துப்போக வந்தவர், நான் பத்திரிகைகளில் மட்டுமே படித்திருந்த, சத்தத்தை மெழுகில் பதிந்து திருப்பிப் பாடும் போனோகிராப்பைக் கையோடு கொண்டுவந்திருந்தார். தங்கைக்கு ஒரே ஆசை. எங்கள் தெருவில் எந்தக் கல்யாணமானாலும், மணமக்களை ஊஞ்சலில் வைத்து ஆட்டும்போது அப்பாதான் பிடில் வாசிப்பார். அந்த மெட்டை அவர் கையால் வாசித்தபடியே எடுத்துப்போக வேண்டும். கடல் தாண்டிப் போனால் திரும்பி வருவது எப்போதோ! பெட்டியில் வந்த மெழுகு உருளைகளில் வெயிலுக்குத் தப்பியிருந்தது ஒன்றுதான்.

மேஜைமேல் வைத்த கருவியின் குழல், தரையில் உட்கார்ந்து வாசிக்கும் அப்பாவின் தலைக்கு மேலே நின்றது. கருவியை இறக்கி மணைமேல் வைத்தோம். மிருதங்கத்தின் சத்தம் பிடிலை விழுங்கிவிடும் என்று, அதை வாசிக்கும் அடுத்த வீட்டுக்காரரை மாப்பிள்ளை வாசற்படிக்கு அனுப்பினார்.

“இன்னா மாப்ளே, வாசிக்கக் கூப்ட்டுட்டு வாசல்ல குந்த வெக்கறீங்க?” என்றார் அவர்.

தறிச் சத்தத்துக்குப் பயந்து நாள் பார்த்த மாப்பிள்ளை, தறி ஓடாவிட்டால் தெருவுக்கு வேறு வேலை இல்லை என்பதை யோசிக்கவில்லை. கூடம் நிறைந்து, நடையும் நிறைந்தது.

“யாரும் வாயத் தொறக்கக் கூடாதுங்க. இருமக் கூடாது. சபாஷ் போடக் கூடாது” என்றார் மாப்பிள்ளை.

“சபாஷா? இவரு வாசிக்கறதுக்கா?” என்றது வாசற்படி.

“ஜல்தி ஆரம்பிங்க மாப்ளே. கால் மரத்துகினு போவுது” என்றார் அப்பா.

உருளை சுற்றத் தொடங்கியது. ஒருவரும் அசையவில்லை. மெட்டு ஊஞ்சல்போலவே முன்னே போய்ப் பின்னே வந்தது. முடியப்போகிற நேரத்தில், தங்கையின் மடியிலிருந்த குழந்தை தும்மியது.

“நூறு!” என்றது தெரு முழுவதும், ஒரே குரலாக.

குழந்தை தும்மினால் நூறு வயது வாழ்த்தாமல் இருக்க எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாது. வில்லை நிறுத்தாமல் அப்பாவும் சொன்னார். சொன்ன பிறகுதான் எல்லோரும் வாயைப் பொத்திக்கொண்டார்கள். தங்கையின் கண் கலங்கிவிட்டது.

“அழாதே. மெழுகை மேலாகச் சீவிட்டா புதுசு மாதிரிதான்” என்று மாப்பிள்ளை பெட்டியிலிருந்து சிறு கத்தியை எடுத்தார். சீவுமுன் ஒருமுறை கேட்டுவிடலாம் என்று உருளையைச் சுற்றவிட்டார். எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோலப் பிடில் கேட்டது. பிறகு ஒரு குட்டித் தும்மல். அதன்மேல் அத்தனை பேரும். குழலுக்கு மிக அருகில் இருந்ததால் அப்பாவின் ‘நூறு’ மட்டும் தனியாக, தெளிவாக.

கூடத்தில் சிரிப்பு எழுந்தது. அப்பா சிரிக்கவில்லை.

“சீவுங்க மாப்ளே. கடசீல ஒரு சுரம் வேற பிசகிப் போச்சு. இன்னொரு வாட்டி சுத்தமா வாசிக்கறேன்.”

தங்கை எழுந்துபோய் உருளையைக் கழற்றி வாங்கிக்கொண்டாள்.

“வேணாம்பா. அங்க இவ தும்முனா யாருப்பா நூறு சொல்லுவாங்க?”

கத்தி பெட்டிக்குத் திரும்பியது.

பிரதமை கழித்து, ஆரணி ரோடு ஸ்டேஷனுக்கு வண்டி கட்டினோம். பஞ்சு சுற்றிய உருளை தங்கையின் மடியில் இருந்தது. குழந்தையை நான் வைத்திருந்தேன். ரயில் கிளம்பும்போது அப்பா ஜன்னலைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தார். ஏதோ ஆசி சொல்லப்போகிறார் என்று நினைத்தேன்.

“அந்தச் சுரம் வெளிய தெரியலியே மாப்ளே?”

“தெரியலீங்க மாமா” என்றார் அவர்.

தெரிந்தது. எனக்கே தெரிந்தது.