செவ்வாய், வெள்ளி டயாலிசிஸ்

என் நைனா காசிமேட்டில் விசைப்படகு டிரைவராக இருந்தார். கடலுக்குப் போனால் பத்துப் பதினைந்து நாள் கழித்துத்தான் கரைக்கு வருவார். கிளம்புவதற்கு முந்தின நாள் படகில் டீசல், ஐஸ், அரிசி, குடிதண்ணீர் எல்லாம் ஏற்றுவார்கள். அவற்றோடு ஒரு பிளாஸ்டிக் பை நிறைய வலி மாத்திரையும் ஏறும். வலை இழுத்து இழுத்துத் தோள் தேய்ந்துபோனவர்கள், ஆடுகிற படகில் நின்றே இடுப்பு ஒடிந்தவர்கள். நடுக்கடலில் டாக்டருக்கு எங்கே போவது? வேலை முடிந்ததும் ஆளுக்கொரு மாத்திரை போட்டுக்கொண்டு சாய்வார்கள். நைனா விழித்ததும் இன்னொன்று போடுவார். படகில் தண்ணீரை அளந்துதான் குடிக்க வேண்டும் என்பதால் தாகத்தையும் அடக்கிக்கொள்வார். எங்கள் தெரு மெடிக்கல் ஷாப்காரர், அம்மா கடையேறுவதைப் பார்த்ததுமே, "போட்டு கடலுக்கு போவுதாம்மா?" என்று கேட்டு அட்டைகளை எடுத்து வைத்துவிடுவார். டாக்டர் சீட்டு எதுவும் கேட்க மாட்டார்.

கரையில் இருக்கும் நாட்களில் வலி வந்தால் தெருமுனை கிளினிக். எண்ணூரில் எங்கள் குப்பத்துக்குப் பக்கத்தில் மாலை நேரத்தில் உட்கார்ந்த ஒரே டாக்டர் அவர்தான். அவரைக் குறை சொல்ல எனக்கு இன்றைக்கும் மனம் வரவில்லை. வாசலில் அத்தனை கூட்டம் நிற்கும்போது அவரால் ஒருவரிடம் எவ்வளவு நேரம் பேச முடியும்? நைனாவும் பேச்சு கேட்டுப் போகவில்லை. "ஒரு ஊசி போட்டு வுடு சார், நாளைக்கு போட்டுக்கு போவணும்" என்பார். அவரும் போட்டு அனுப்புவார்.

நான் படித்து முடித்து நகரத்தின் தென்பக்கம் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்தேன். டயாலிசிஸ் பிரிவில் வரவேற்பு மேஜை. தினமும் எண்ணூர் ஸ்டேஷனில் ரயிலேறி, இறங்கி, இன்னொரு ரயில் பிடித்துப் போவேன். அங்கே ஒவ்வொரு கட்டிலுக்கும் ஒரு டிவி. குளிர்கிறது என்றால் கம்பளி வரும். "மேடம், நாளைக்கு எங்க வீட்டுல ஒரு ஃபங்ஷன், வியாழக்கிழமைக்கு மாத்திக்கலாமா?" என்று போனில் கேட்பார்கள். நான் கம்ப்யூட்டரில் பார்த்து மாற்றிக் கொடுப்பேன். அது அவ்வளவு சுலபமான காரியம் என்று அப்போது நினைத்திருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நைனா கடலிலிருந்து திரும்பி, தலைக்குக் குளித்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்திருந்தார். கண்ணுக்குக் கீழே இரண்டு பக்கமும் உப்பியிருந்தது. அந்த உப்பலை எனக்குத் தெரியும். வாரம் முழுக்க என் மேஜையைத் தாண்டிப் போகிற முகங்கள் அப்படித்தான் இருக்கும். நான் குனிந்து அவர் கால் மேல் கட்டைவிரலை வைத்து அழுத்தினேன். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே இருந்தது.

"இன்னா கண்ணு, மாவு பெசையிறியா?" என்று நைனா சிரித்தார்.

"எத்தினி நாளா வீங்கிகினு கீது?"

"அது உப்புத் தண்ணிலயே நின்னுகினு கீறதால. எல்லாருக்கும் கீது."

மறுநாள் அவரை இழுத்துக்கொண்டு போய் ரத்தம் எடுக்க வைத்தேன். ரிசல்ட்டை எங்கள் ஆஸ்பத்திரி டாக்டரிடம் காட்டியதும் அவர் என்னை உட்காரச் சொன்னார். அந்த அறையில் அவர் என்னை உட்காரச் சொன்னது அதுதான் முதல் தடவை.

"இதுக்கு முன்னாடி அப்பாவுக்கு ரத்தம் டெஸ்ட் பண்ணியிருக்காங்களா?"

"இல்ல டாக்டர்."

"பிரஷர் பார்த்திருக்காங்களா?"

தெரியவில்லை என்றேன். இத்தனை வருஷத்தில் எவ்வளவோ மருந்தை நைனாவின் உடம்புக்குள் ஊசி வழியாக ஏற்றியிருக்கிறார்கள். ஒரு சொட்டு ரத்தத்தை வெளியே எடுத்துப் பார்த்தவர் ஒருவரும் இல்லை. இரண்டு கிட்னியும் ஏறக்குறைய போய்விட்டன, வலி மாத்திரையும் பிரஷரும் சேர்ந்து செய்த வேலையாக இருக்கும் என்றார் டாக்டர். இரண்டு மூன்று வருஷம் முன்னால் தெரிந்திருந்தால் மாத்திரையை நிறுத்தியே டயாலிசிஸைத் தள்ளிப்போட்டிருக்கலாம் என்றார். பிறகு பேனாவை மூடி வைத்தார். "இங்க வேண்டாம்மா. வாழ்நாள் முழுக்கப் பண்ணணும், உங்களால தாங்க முடியாது" என்று சொல்லிவிட்டு, அரசாங்க ஆஸ்பத்திரியில் இருந்த தன் கல்லூரி நண்பருக்குப் போன் போட்டார். உண்மையைச் சொன்னதற்காக இன்றுவரை எனக்கு அவர்மேல் மரியாதை உண்டு.

அரசாங்க ஆஸ்பத்திரியில் நைனாவைச் சேர்த்துக்கொண்டார்கள். கழுத்தில் குழாய் போட்டு அவசரத்துக்கு டயாலிசிஸ் செய்தார்கள். அங்கிருந்த டாக்டர்கள் என்னைவிடச் சின்னப் பிள்ளைகள். தூங்காத கண்ணோடு ஓடிக்கொண்டே இருந்தார்கள். ஆனால் தொடர்ந்து வருவதற்கு ஒரு மெஷினில் இடம் கிடைக்க வேண்டும், அதற்குக் காத்திருக்க வேண்டும் என்றார்கள். எங்கள் எண்ணூர்ப் பக்கம் அப்போது அந்த மெஷின் கிடையாது. வடக்கே இருந்து வருகிறவர்கள் எல்லோருக்கும் அந்த ஒரு வார்டுதான்.

ஒரு மாதத்துக்கு மேல், முடியாமல் போகும்போது மட்டும் அவசரத்துக்குச் செய்துகொண்டு காத்திருந்த பிறகு கூப்பிட்டார்கள். செவ்வாயும் வெள்ளியும். வாரம் மூன்று தடவை செய்வதுதான் நல்லது, ஆனால் இரண்டுதான் கொடுக்க முடிகிறது என்று டாக்டரே வருத்தப்பட்டுச் சொன்னார்.

முதல் நாள் நர்ஸ் ஊசியைச் சரிசெய்துகொண்டிருந்தபோது நைனா கேட்டார். "எடம் இல்லன்னு சொன்னீங்களே சிஸ்டர், இப்ப எப்டி காலியாச்சு?"

நர்ஸ் மெஷின் பக்கம் திரும்பிக்கொண்டார். பக்கத்துக் கட்டிலில் புளியந்தோப்புக்காரர் ஒருவர் படுத்திருந்தார். வீடுகளுக்குப் பெயின்ட் அடிக்கிறவர். அவர்தான் மெதுவாகச் சொன்னார்.

"இங்க ஒரு டீச்சரம்மா இருந்தாங்க மாமு. நல்லாப் பேசுவாங்க. ரெண்டு வாரமா வரல."

நைனா தான் படுத்திருந்த கட்டிலை ஒரு தடவை தடவிப் பார்த்தார்.

வெள்ளிக்கிழமைகளில் நான் மாலை ஷிஃப்ட் வாங்கிக்கொண்டு கூடப் போவேன். செவ்வாயில் அம்மா. ரயிலில் போயிருக்கலாம்தான், ஆனால் குப்பத்திலிருந்து ஸ்டேஷன் தூரம். படியேறி இறங்க நைனாவுக்கு மூச்சு வாங்கும். திரும்பும்போது கால் நிற்காது. மெட்ரோ அப்போது எங்கள் பக்கம் எட்டவில்லை. எனவே கடலோரச் சாலையில் ஷேர் ஆட்டோ. அந்தச் சாலையில் துறைமுகத்துக்குள் போகக் கன்டெய்னர் லாரிகள் ஒன்றின் பின்னால் ஒன்றாக நிற்கும். சில நாள் நகரும், சில நாள் டிரைவர்கள் இறங்கி அடுப்பு மூட்டிச் சமைத்துக்கொண்டிருப்பார்கள். இரண்டு லாரிக்கு நடுவில் எங்கள் ஆட்டோ புகையைக் குடித்தபடி நிற்கும்.

"நடுக்கடல்லகூட எனக்கு வழி கெடைச்சிடும் கண்ணு. இந்த ரோட்டுலதான் கெடைக்க மாட்டேங்குது" என்பார் நைனா.

நேரம் தாண்டிப் போனால் நைனாவுக்கு அடுத்து இருப்பவரின் நேரத்தைச் சாப்பிட முடியாது. மெஷினில் இருக்கிற நேரம் குறையும். அவர் உடம்பில் தேங்கிய தண்ணீரில் பாதி அப்படியே திரும்பி எண்ணூருக்கு வரும்.

அதைவிடத் தாகம்தான் அவரைக் கொன்றது. நாள் முழுக்கச் சேர்த்து இத்தனை டம்ளர்தான் என்று சொல்லியிருந்தார்கள். அம்மா ஃபிரிட்ஜில் சின்னச் சின்ன ஐஸ் கட்டி செய்து வைப்பாள். ஒன்றை வாயில் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டு சப்பிக்கொண்டிருப்பார். ஒரு நாள் அவரோடு படகில் போனவர்கள் பார்க்க வந்தார்கள், கை நிறைய இளநீரோடு. "உடம்பு சூடு, இத்தக் குடி, எல்லாம் எறங்கிடும்" என்று ஒருவர் சீவிக் கையில் கொடுத்துவிட்டார். கிட்னி போனவருக்கு இளநீரில் இருக்கிற பொட்டாசியம் நெஞ்சையே நிறுத்திவிடும் என்று எனக்குத் தெரியும். நான் கையிலிருந்து பிடுங்கினேன். வந்தவர்களுக்கு முகம் செத்துப்போயிற்று. அவர்கள் போன பிறகு நைனா சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார்.

"பாசமா கொண்டாந்தானுங்க. அவனுங்களுக்கு இன்னா தெரியும்?" என்றார்.

"அதனாலதான் புடுங்கினேன் நைனா."

"தெரியும் கண்ணு. வாசனை வந்துச்சி, அவ்ளோதான்."

அந்த வருஷம் மழை விடாமல் பிடித்துக்கொண்டது. திங்கட்கிழமை இரவே தெருவில் முழங்கால் தண்ணீர். செவ்வாய்க்கிழமை ஆட்டோ ஓடவில்லை, பஸ் ஓடவில்லை. நான் வார்டுக்குப் போன் செய்தேன். நாளைக்கு எப்படியாவது கொண்டு வாங்க, கடைசியில் ஒரு இடம் பார்க்கிறேன் என்றார் நர்ஸ். மறுநாளும் தண்ணீர் வடியவில்லை. குப்பத்து ஆட்கள் கட்டுமரத்தில் வைத்துத் தள்ளிக்கொண்டு போகலாமா என்றுகூடப் பேசினார்கள். பெரிய ரோடுவரை தள்ளலாம், அதற்கப்பால் எதில் ஏற்றுவது? வியாழக்கிழமை மழை விட்டது, தெருவில் தண்ணீர் மட்டும் வடியவில்லை. நைனாவின் கால் தொடைவரை வீங்கியிருந்தது. படுத்தால் மூச்சு முட்டியது. ஜன்னல் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்தார்.

வெள்ளிக்கிழமை காலையில் அவர் நெஞ்சுக்குள் தண்ணீர் கொதிப்பது போலச் சத்தம் கேட்டது. ஆம்புலன்ஸுக்குச் சொன்னேன். இரவோடு தண்ணீர் வடிந்திருந்ததால் சீக்கிரமே வந்துவிட்டது. கூட வந்த பையன் ஆக்ஸிஜன் மாட்டி, உட்கார்ந்த நிலையிலேயே அவரைத் தூக்கி ஏற்றினான். அம்மா ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்.

மழைக்கு நின்றிருந்த லாரிகள் எல்லாம் அன்று ஒரேயடியாக ரோட்டுக்கு வந்திருந்தன. திருவொற்றியூரைத் தாண்டியதும் ஆம்புலன்ஸ் நின்றுவிட்டது. முன்னால் கன்டெய்னர், பக்கத்தில் கன்டெய்னர், பின்னாலும் வந்து அடைத்துக்கொண்டது. சைரன் அடித்துக்கொண்டே இருந்தது. லாரி டிரைவர்கள் வேடிக்கை பார்க்கவில்லை. வடநாட்டுக்காரர் ஒருவரும் நம் பக்கத்துக்காரர் ஒருவரும் குதித்து இறங்கி, முன்னால் நிற்கிற வண்டிகளைத் தட்டிக்கொண்டே ஓடினார்கள். ஒரு லாரி சக்கரத்தை ஒடித்து நடைபாதை மேல் ஏற்றிக் கொஞ்சம் இடம் விட்டது. நாங்கள் ஒரு வண்டி நீளம் போனோம். மறுபடி நின்றோம். அவ்வளவு பெரிய பெட்டிகளை எங்கே நகர்த்துவார்கள்?

நைனா முகமூடியை விலக்கினார். "கொஞ்சம் தண்ணி குடும்மே" என்று அம்மாவிடம் கேட்டார்.

அம்மா என்னைப் பார்த்தாள். நான் அந்தப் பையனைப் பார்த்தேன். அவன் வேண்டாம் என்று தலையை ஆட்டினான். "நெஞ்சு பூரா தண்ணிதான்கா இருக்கு" என்று என் காதில் சொன்னான்.

"தோ, ஆஸ்பத்திரி வந்துட்சி. அங்க போயி குடிக்கலாம்" என்றாள் அம்மா. முந்தானை நுனியைப் பாட்டில் தண்ணீரில் நனைத்து அவர் உதட்டில் வைத்தாள். அவர் துணியை உறிஞ்சினார். வெளியே யாரோ லாரியின் இரும்பைப் பட்பட்டென்று தட்டிக்கொண்டிருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் அவர் உறிஞ்சுவது நின்றுபோயிற்று. அம்மா துணியை எடுக்கவில்லை. பையன் அவரைக் கீழே சாய்த்து நெஞ்சை அமுக்க ஆரம்பித்தான். வழி கிடைத்து ஆஸ்பத்திரி வாசலில் போய் நிற்கும்வரை அவன் அமுக்கிக்கொண்டேதான் வந்தான்.

டாக்டர் விளக்கடித்துக் கண்ணைப் பார்த்தார். "எங்கேருந்து வர்றீங்க?" என்று கேட்டார். எண்ணூர் என்றேன். அவர் கடிகாரத்தைப் பார்த்து நேரத்தை எழுதிக்கொண்டார்.

வார்டுக்குச் சொல்ல வேண்டும் என்று நான்தான் மாடியேறினேன். நைனாவின் நேரம் அது. புளியந்தோப்புக்காரர் என்னைப் பார்த்ததும், "இன்னாம்மா, மழையில மாட்டிகினீங்களா? நைனா எங்க?" என்றார். சொன்னேன். ஊசி குத்தியிருந்த கையை அசைக்க முடியாமல் இன்னொரு கையால் முகத்தை மூடிக்கொண்டார். நர்ஸ் என் தோளைத் தொட்டு நின்றார். பிறகு போனை எடுத்துக் காத்திருப்பவர்களில் அடுத்தவரைக் கூப்பிட்டார். மறுமுனையில் யாரோ பெண் குரல் சந்தோஷத்தில் உரக்கப் பேசியது எனக்கும் கேட்டது. எனக்குக் கோபம் வரவில்லை. எங்களைக் கூப்பிட்ட அன்று அம்மாவும் அப்படித்தான் கத்தினாள்.

காரியம் முடிந்து நான் வேலைக்குக் கிளம்பிய காலையில் அம்மா சொன்னாள், "நீ அந்தப் பக்கமே ஒரு வூடு பாத்துக்கோ. இங்க இருந்துகினு அல்லாடாத."

நான் பார்த்துக்கொண்டேன். இப்போது இருக்கிற அறையிலிருந்து எங்கள் ஆஸ்பத்திரிக்கு நடந்தே போய்விடலாம். அம்மா மட்டும் வரவில்லை. காசிமேட்டில் மீன் எடுத்து, கூடையோடு பஸ் ஏறி, காலடிப்பேட்டைத் தெருக்களில் விற்பது அவள் தொழில். ஞாயிற்றுக்கிழமை தோறும் நான் எண்ணூருக்குப் போவேன். போன மாதம் கூடையை இறக்கி வைத்துவிட்டு நெஞ்சைத் தடவிக்கொண்டு நின்றாள். கேட்டால் வெயில் என்றாள். மறுநாள் லீவு போட்டு, பக்கத்து ஆரம்பச் சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போனேன். நர்ஸ் பிரஷர் பட்டையைக் கட்டிப் பார்த்தார், கழற்றி இன்னொரு தடவை கட்டிப் பார்த்தார். மாத்திரை கொடுத்து, பெரிய ஆஸ்பத்திரியில் இருதய டாக்டரைப் பார்த்துவிடச் சொன்னார்.

வெளியே வந்ததும், "என்னோட வந்துடும்மா" என்றேன்.

"அங்க வந்து நான் இன்னா பண்ணுவேன்? என்கிட்ட மீன் வாங்குற கிராக்கிங்க எல்லாம் இங்க கீறாங்க."

"ஒடம்புக்கு ஒண்ணுன்னா?"

அம்மா மாத்திரையை முந்தானையில் முடிந்துகொண்டாள். "எனக்கு மட்டுந்தான் ஒடம்பா? இந்தக் குப்பத்து ஜனம் அல்லாம் உன் ஆஸ்பத்திரி பின்னாடி வந்து குந்திக்க முடியுமா?" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

இருதய டாக்டரிடம் இன்னும் போகவில்லை. அடுத்த வாரம் போகலாம் என்று இரண்டு தடவை தள்ளிப்போட்டுவிட்டாள். நான் லீவு கேட்டு வைத்திருக்கிறேன்.