எங்கள் வீட்டு ஹார்ட் அட்டாக்

எங்கள் குடும்பத்துப் பெண்கள் எல்லோரும் ஹார்ட் அட்டாக்கில்தான் செத்தார்கள். ஆயாவும் அப்படித்தான், பெரியம்மாவும் அப்படித்தான். கோவளத்தில் யார் கேட்டாலும் இப்படிச் சொல்ல வேண்டும் என்று, நான் பள்ளிக்கூடம் சேரும் முன்பே பழக்கிவிட்டார்கள். மார்பில் புற்றுநோய் என்று வெளியே தெரிந்தால், அது வழிவழியாக வருவது என்று ஊர் பேசும், வீட்டுப் பெண்களைக் கட்ட ஒருவனும் வரமாட்டான் என்று பயம். நானும் சமர்த்தாக, கேட்காதவர்களிடம்கூடப் போய்ச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

தொண்ணூறுகளில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சித்தியைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளைக்குக் கல்பாக்கம் அணுமின் நிலையத்தில் வேலை, சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். இந்த இடம் தட்டிப் போகக் கூடாது என்று அம்மா வேண்டாத சாமி இல்லை. தங்கையை மகள்போல் வளர்த்தவள் அல்லவா!

சித்தியோ அதற்கு முந்தின வாரம்தான் யாரிடமும் சொல்லாமல் செங்கல்பட்டுக்கு பஸ் ஏறியிருந்தாள். அங்கே ஒரு டாக்டர், “சின்னப் பொண்ணு, உனக்கென்ன?” என்று அனுப்பப் பார்த்தாராம். சித்தியா நகர்வாள்? தன் தாயாருக்கும் பெரியக்காவுக்கும் வந்ததைச் சொல்லி, பெரிய டாக்டரம்மாவைப் பார்த்துவிட்டுத்தான் எழுந்தாளாம். இப்போதைக்கு ஒன்றுமில்லை, ஆனாலும் வருஷம் தவறாமல் வந்து காட்டு என்றாராம் அந்த அம்மா.

பஜ்ஜி நடுவில் மாப்பிள்ளையின் அம்மா, சித்தியின் தாயார் எப்படித் தவறினார் என்று பரிவாகக் கேட்டார். “ஹார்ட் அட்டாக்!” என்று நான் முந்திக்கொண்டேன்.

சித்தி தட்டைக் கீழே வைத்தாள்.

“கொயந்த, அதுக்குத் தெரியாது. எங்கம்மாவுக்கும் பெரியக்காவுக்கும் மார்ல புத்துநோய். எனக்கும் வந்தாலும் வரும், வராமயும் போவும். வருசா வருசம் செங்கல்பட்டு போயி காட்டிக்கினே இருப்பேன். கல்யாணத்துக்கப்புறம் யாரும் போவாதன்னு சொல்லக் கூடாது. இப்பவே சொல்லிட்டேன்.”

அம்மாவின் முகத்தில் ஈயாடவில்லை. எனக்கோ ஆத்திரமான ஆத்திரம். சரியான பதிலைச் சொன்னவளை சபையில் பொய்க்காரியாக்கிவிட்டாளே!

மாப்பிள்ளை வாயிலிருந்த சூடான பஜ்ஜியை ஒருவழியாக விழுங்கினார். “எங்க ஆபீஸ்லயும் வருசா வருசம் எங்களுக்கு ரத்தம் எடுத்துப் பாக்காவ. சீக்கு வந்துட்டுன்னு இல்ல, வந்தா சட்டுனு தெரியணும்லா? இதுக்குப் போயி நான் ஏன் தடுக்கப் போறேன்?”

“நீ சும்மா இருல” என்று அவர் அம்மா அடக்கி, ஊருக்குப் போய்ச் சொல்லி அனுப்புவதாக எழுந்துவிட்டார். கொஞ்ச நாளில் சம்மதம் வந்தது. மாப்பிள்ளை தன் வீட்டில் சாப்பிடாமல் அடம்பிடித்த கதையைச் சித்தி இன்னமும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். வருஷா வருஷம் அவளைச் செங்கல்பட்டுக்கு வண்டியில் கூட்டிப்போவது அந்தச் சித்தப்பாதான்.

ஆனால் அன்றைக்கு அதெல்லாம் யாருக்குத் தெரியும்? வந்தவர்கள் தெருமுனை தாண்டியதுதான் தாமதம், அம்மா வெடித்தாள்.

“வாய வச்சிகினு சும்மா இருக்க மாட்டியாடி? உன் கல்யாணம் போனா போவுது. நாளைக்கி இத எவன்டி கட்டுவான்?” என்று என்னைக் காட்டினாள்.

சித்தி என்னை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். “கட்டாட்டி போறான்க்கா. நாளைக்கி இது ஒரு டாக்டரு முன்னாடி நிக்கும். உங்கூட்ல யாருக்கு இன்னா வந்துச்சுன்னு அவரு கேப்பாரு. அப்பவும் இது ஹார்ட் அட்டாக்குனு சொல்லிகினு நிக்கணுமா?”

அம்மா எங்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். எனக்கு அப்போது ஏழு வயது. சளிகூட இல்லாத என்னை நடுவில் வைத்துக்கொண்டு இரண்டு பேரும் எதற்காக அழுகிறார்கள் என்று எனக்கு விளங்கவே இல்லை.