பூர்ணிமா பார்த்துக்கொண்ட பிரிண்டர்கள்

ஸ்கூட்டியில் பையை மாட்டிக்கொண்டு ஆபீஸ் ஆபீஸாகப் போய் பிரிண்டர் பழுது பார்ப்பதுதான் பூர்ணிமாவின் வேலை. முதலியார்பேட்டையில் பேப்பர் சிக்கிக்கொண்டது என்பார்கள்; அதை எடுத்துக் கொடுத்துவிட்டுக் கிளம்புவதற்குள் உப்பளத்தில் டோனர், அதாவது மைத்தூள், தீர்ந்துவிட்டது என்று போன் வரும். அந்த ஓட்டம் அவளுக்குப் பிடித்திருந்தது. போன மழையில் மரப்பாலம் பக்கம் வண்டி வழுக்கிக் கால் முறிந்தபோது, வலியைவிட வேலை போய்விடுமோ என்ற பயம்தான் அவளை அழவைத்தது.

நெல்லித்தோப்பில் இருக்கிற அவள் வீட்டுக்குப் பார்க்க வந்த முதலாளி ஜில்பேர், ஆரஞ்சுப் பழத்தோடு ஒரு லேப்டாப்பும் கொண்டுவந்தார். சில வருஷம் பிரான்சில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பி இந்த சர்வீஸ் கம்பெனியைத் தொடங்கியவர் அவர். தாங்கள் பார்த்துக்கொள்ளும் பிரிண்டர்களையெல்லாம் இணையம் வழியாக ஒரே திரையில் சேர்த்துவிட்டதாகவும், பாதிப் பழுதை இனி நேரில் போகாமல் கிளவுட் மூலமே சரிபண்ணிவிடலாம் என்றும் சொன்னார். அதற்கு ஒரு ஆள் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

"உன்னை உட்காரத்தானே டாக்டர் சொல்லியிருக்காரு?" என்றார்.

திரையைத் திறந்த பூர்ணிமாவுக்குக் கண் விரிந்துபோயிற்று. ஊரே பச்சைப் புள்ளிகளாக எதிரே கிடந்தது. ஒவ்வொரு புள்ளியும் ஒரு பிரிண்டர்; எல்லாவற்றையும் அவள் கைவைத்துப் பழகியிருந்தாள். வக்கீல் ஆபீஸ் மெஷின் ஈரக்காற்று அடித்தால் மக்கர் பண்ணும். ஏற்றுமதிக் கம்பெனி மெஷினின் இரண்டாவது தட்டு சரியாக மூடாது. இப்போது எதில் டோனர் குறைகிறது, எது வேலை செய்யாமல் நிற்கிறது என்று கட்டிலில் இருந்தே தெரிந்தது. டோனர் நாளைக்குத் தீர்ந்துவிடும், ஆள் வந்துகொண்டிருக்கிறார் என்று அவளே முந்திக்கொண்டு போன் செய்வாள். உங்களுக்கு எப்படித் தெரியும் என்று அந்தப் பக்கம் திகைக்கும்போது, சிரிப்பை அடக்கத் தலையணையைக் கடித்துக்கொள்வாள்.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் புதிதாக ஒரு டிரைவர் வந்திருந்தது. கம்ப்யூட்டர் சொல்வதை பிரிண்டருக்குப் புரியவைக்கிற மென்பொருள் அது. பூர்ணிமா அதை ஒரே சொடுக்கில் ஊர் முழுக்க அனுப்பினாள். ஆபீஸ் ஆபீஸாகப் போயிருந்தால் ஒரு வாரம் ஆகியிருக்கும் என்று நினைத்து, பெருமையோடு படுத்துத் தூங்கினாள்.

காலையில் உப்பளம் மைதானத்திலிருந்து நெடுமாறன் கூப்பிட்டார். அன்று அங்கே பள்ளிப் பெண்களுக்கான கபடிப் போட்டி. அதன் ஆபீஸ் வேலையைப் பார்ப்பவர் அவர். ஆட்டக்காரிகளின் அடையாள அட்டையில் பெயர் வரவேண்டிய இடத்தில் கட்டம் கட்டமாக வருகிறது என்றார். அட்டை இல்லாமல் யாரையும் களத்தில் இறக்க மாட்டார்கள். பிள்ளைகள் உடுப்பு மாட்டிக்கொண்டு நிற்கிறார்கள்.

அவர் போனை வைத்ததும் முதலியார்பேட்டையிலிருந்து ஒரு போன். அங்கேயும் தமிழ் எழுத்தெல்லாம் கட்டம்தான்.

ராத்திரி அனுப்பிய டிரைவர்தான் காரணம் என்று பூர்ணிமாவுக்குப் புரிந்துவிட்டது. டீ கொண்டுவந்த கணவன் முருகையன் அவள் முகத்தைப் பார்த்து, "இன்னா ஆச்சு?" என்றான்.

"டிரைவரை மாத்திட்டேங்க. எல்லாம் கெட்டுப்போச்சு."

ஆட்டோ ஓட்டுகிற முருகையன் ஒரு நிமிஷம் குழம்பி நின்றான். "எந்த ஸ்டாண்டுல?" என்று கேட்டான்.

அந்தப் பதற்றத்திலும் அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஜில்பேரைக் கூப்பிட்டு, தன்னால் நடந்தது என்று சொன்னாள். அவர் சென்னைக்குப் போகிற பஸ்ஸில் இருந்தார். உனக்குச் சரியென்று பட்டதைச் செய் என்றார்.

பழைய டிரைவரை எல்லா மெஷினுக்கும் ஒரேயடியாகத் திருப்பி அனுப்பக் கை துறுதுறுத்தது. முதலில் ஒன்றில் சரியாகிறதா பார்க்கலாம் என்று அடக்கிக்கொண்டாள். மைதானத்து மெஷினுக்கு மட்டும் அனுப்பிவிட்டு, நெடுமாறனைத் திரும்பக் கூப்பிட்டு லைனிலேயே நிற்கச் சொன்னாள். திரையில் பச்சைப் புள்ளி மஞ்சளாகி, சுற்றிச் சுற்றி வந்தது. போனில் பிள்ளைகளின் சலசலப்பும், மெஷின் உருளும் சத்தமும் கேட்டன.

"க... வி... நி... லா," என்று எழுத்துக் கூட்டிப் படித்தார் நெடுமாறன். "கவிநிலா! வந்துடுச்சு மேடம்."

கவிநிலாவின் பெயரைச் சொல்லிப் பெண்கள் ஓவென்று கத்தியது போனுக்கு இந்தப் பக்கம் வரைக்கும் கேட்டது. பூர்ணிமா மற்ற மெஷின்களுக்கும் அனுப்பினாள். வரிசையாகப் புள்ளிகள் மஞ்சளாகிப் பச்சைக்குத் திரும்பின. முருகையன் டீயைக் கையில் வைத்துக்கொண்டே முழுசும் எண்ணிப் பார்த்துவிட்டு, ஒன்றுகூட விடவில்லை என்றான். ஜில்பேரிடமிருந்து பிரெஞ்சில் ஒரே வார்த்தையில் நன்றி வந்தது: மெர்சி.

மத்தியானம் அவளால் வீட்டில் இருக்க முடியவில்லை. முருகையன் அவளை ஆட்டோவில் ஏற்றி, கட்டுப்போட்ட காலைச் சீட்டில் நீட்டிவைத்து மைதானத்துக்குக் கூட்டிப்போனான். கயிற்றுக்குப் பக்கத்தில் இடம் பிடித்துக் கொடுத்தான். அட்டையைக் கழற்றி மேஜையில் கொடுத்துவிட்டு ஒல்லியான ஒரு பெண் களத்துக்குள் ஓடினாள். ஒலிபெருக்கி அவள் பெயரைச் சொன்னபோது பூர்ணிமா முருகையனின் தோளைப் பிடித்து ஒற்றைக் காலில் எழுந்துவிட்டாள்.

நாலு பேர் காலைப் பிடித்து இழுக்க, கவிநிலா மூச்சு விடாமல் கபடி பாடிக்கொண்டே நடுக்கோட்டை நோக்கி ஊர்ந்தாள்.

"தொடுடீ, தொட்டுடு!" என்று தொண்டை கிழியக் கத்தினாள் பூர்ணிமா.