பூச்சுக்கு முந்திய முகம்

கூத்தாடுகிறவர்களுக்கு வேசம் பூசுவது என் தொழில். அந்த வேசத்துக்கு முகத்தில் பூசுகிற முத்துவெள்ளை என்று சொல்லிச் சுண்ணாம்பு கலந்து விற்றது உமது தொழில். உமது பெயரை இங்கே எழுதமாட்டேன். எழுதினால் இதை அச்சுப் போடுகிறவர் பயந்து கிழித்துப் போடுவார். ஆனால் வாசித்துக்கொண்டு வரும்போதே உமக்கு வேர்க்கும். உம்மால் தம்பிராசா என்ற ஒரு இளந்தாரி குருக்கள்மடத்தில் வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு இருக்கிறான். வாவிக்குள்ளே பெருவியாதிக்காரரை, அதுதான் குட்டம் பிடித்தவர்களை, வைத்திருக்கிற தீவுக்குத் தன்னை ஏற்ற வருகிறார்களோ என்று, துடுப்புச் சத்தம் கேட்கும்போதெல்லாம் நடுங்குகிறான். அவனுக்கு அந்த வியாதி இல்லை. அது எனக்குத் தெரியும். உமக்கும் தெரியும்.

மற்ற வாசகர்களே, நீங்களும் ஒருநாள் யாரிடமாவது முகத்தைக் கொடுத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு இருந்திருப்பீர்கள், சவரக் கத்திக்கோ, பல்லுப் பிடுங்குகிற குறட்டுக்கோ. பயம், முகத்தைக் கொடுத்தவனுக்கு மட்டும்தான் என்று நினையாதீர்கள். வாங்கினவன் படுகிற பாட்டையும் கேளுங்கள்.

ஒற்றைக் கன்னம்

வெல்லாவெளியில் ஒரு கூத்து. அரக்கன் வேசம் கட்டுகிறவர் அந்த ஊர்ப் போடியார், வயல்காரர். வயல் வட்டையில் நெற்சூடு மிதித்துவிட்டு நேரே வந்து என் முன்னால் சப்பணம் கட்டி இருந்துவிட்டார். முகமெல்லாம் பதர்த் தூசி, நெற்சுணை. பயற்றம் மாவால் முகம் கழுவி, ஈரம் துடைத்து, தேங்காயெண்ணெய் தடவி, அந்த எண்ணெயையும் துணியால் ஒற்றி எடுத்த பிறகுதான் நான் பூச்சில் கை வைப்பேன். அழுக்கின் மேல் பூசினால் தோல் வெந்து வீங்கும். சொன்னேன். "அரக்கன் எங்கயடா முகம் கழுவினவன்? பூசு!" என்றார். எனக்கும் கோபம் வந்துவிட்டது. தூரிகையைத் தூக்கி எறிந்தேன். மத்தளம் முழங்கத் தொடங்கிவிட்டது, ஆளைக் காணவில்லை என்று வெளியே சத்தம். கடைசியில் பேரம் பேசி ஒரு கன்னத்தை மட்டும் கழுவச் சம்மதித்தார்.

விடியும்போது கழுவாத கன்னம் பனங்காய் மாதிரி. ஒரு கண் அடைத்துவிட்டது. நான் பெட்டியைக் கட்டி வண்டிலில் ஏறி ஒளிந்துகொண்டேன், ஆட்களோடு வந்து அடிப்பார் என்று. வந்தார். தனியாகத்தான் வந்தார். வண்டிலை மூடின படங்கைத் தூக்கி, இருந்த ஒற்றைக் கண்ணால் என்னைப் பார்த்துச் சொன்னார்: "மற்றக் கன்னத்துக்கும் நீ இன்னும் கொஞ்சம் சண்டை பிடிச்சிருக்கலாமே மனே!"

கத்தி பட்ட முகம்

கதிரவெளியில் மந்திரி வேசம் கட்டினவர் கடல் தொழிலாளி. சபைக்கு மரியாதை என்று அன்று பின்னேரமே புதுக் கத்தியால் வழித்துக்கொண்டு வந்தார். கன்னத்தில் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள். சவரம் முதல் நாளே செய்து, எண்ணெய் தடவி ஆறவிட வேண்டும் என்று எத்தனை ஊரில் தொண்டை வறளக் கத்தியிருக்கிறேன்! கீறலுக்குள் பூச்சு இறங்கினால் சீழ் வைக்கும். எந்தப் பூச்சையும் முதலில் என் முழங்கைக்கு உட்புறம் தடவிப் பார்த்த பிறகுதான் மற்றவன் முகத்துக்குக் கொண்டுபோவேன். அன்று அப்படிப் பார்த்தும் மனம் துணியவில்லை. எண்ணெய்த் துணியால் தடவித் தடவி நேரம் கடத்தினேன்.

மூடியிருந்த கண்ணைத் திறந்து, "என்னடாப்பா, கை நடுங்குது?" என்று கேட்டார். "உங்கட முகத்தில கை வைக்கப் பயமாக் கிடக்கண்ணே" என்று உண்மையைச் சொன்னேன். அவர் தன் முழங்காலைக் காட்டினார். அதுவும் நடுங்கிக்கொண்டுதான் இருந்தது. "சுறா இழுத்த கயித்த விடாமப் பிடிச்சவன் நான். எனக்கே உன்ர தூரிகையைக் கண்டு காலாடுது. நீயும் பயந்தா நான் ஆருக்கிட்டப் போய்ச் சொல்ற?"

வெள்ளை வாங்கின கதை

இனி உமது கதை. யுத்தத்தால் கப்பல் வராத காலம். நல்ல முத்துவெள்ளை எங்கும் இல்லை. உமது கடையில் மட்டும் ஒரு தகரம் நிறைய இருந்தது. நான் பள்ளிக்கூடத்தில் படித்தவன் இல்லை; சந்தையில் மூட்டை சுமந்து, ஏமாந்து, உதை வாங்கிப் பேரம் படித்தவன். விலையைக் குறைக்கச் சொல்லி உம்மோடு சண்டை பிடித்தேன், உண்மைதான். குறைத்துக் கேட்டால் கலந்து கொடு என்றா அர்த்தம்? விரலில் எடுத்து உரசிப் பார்த்தேன். மணந்து பார்த்தேன். எண்ணெயில் குழைத்துக் கையில் தடவி, நீர் மற்றவர்களுக்கு வியாபாரம் முடிக்குமட்டும் கடை வாசல் பலகை வாங்கிலே குந்தியிருந்தேன். எரியவில்லை. எப்படி எரியும்? எண்ணெய்க்குள் சுண்ணாம்பு அடங்கிக் கிடக்கும். வேர்வை பட்டால்தான் அது எழும்பும். இது எனக்குப் பின்னால் தெரிந்த பாடம்.

"இது முகத்துக்குப் போடுறதுதானே?" என்று எழும்பும்போதும் கேட்டேன். நீர் தகரத்தை மூடிக்கொண்டே, என் முகத்தைக்கூடப் பார்க்காமல் சொன்னீர்: "முகத்துக்கெண்டா என்ன, சுவருக்கெண்டா என்ன, வெள்ளை வெள்ளைதானே?"

சிவந்த முகம்

குருக்கள்மடத்தில் தம்பிராசாவுக்கு அரசி வேசம். பெண் வேசம் கட்டுகிறவனுக்கு வீட்டிலேயே பக்குவம் தொடங்கிவிடும். அவன் தாய் பாலில் மஞ்சளைக் குழைத்து நாள்தோறும் முகத்தில் தேய்த்துக் குளிப்பாட்டியிருந்தாள். அவனைப்போல் சொன்னபடி செய்கிற முகம் எனக்குக் கிடைத்ததில்லை. தோல் வாழைக்குருத்து மாதிரி இருந்தது. எண்ணெய் ஒற்றி வெள்ளை போட்டேன். கூத்துக் களரியில் இறங்கி இரண்டு ஆட்டம் சுற்றினான், வேர்த்தது. காஸ் லாம்பு வெளிச்சத்தில் பார்க்கிறேன், அவன் முகம் சிவந்துகொண்டு வருகிறது. முதலில் நெற்றி, பிறகு கன்னம், தாடை. ஆலாத்தித் தட்டில் மஞ்சள் தண்ணீருக்குள் சுண்ணாம்பைக் கரைத்தால் எப்படிச் சிவக்கும்? அந்தச் சிவப்பு.

எனக்கு விளங்கிவிட்டது. சனத்துக்கு விளங்கினது வேறு. அவன் "எரியுது, எரியுது" என்று கத்திக்கொண்டு சுழன்றான். அம்மாள் அவனில் ஏறிவிட்டாள் என்று பெண்கள் எழும்பிக் குரவை போட்டார்கள். ஆண்கள் சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு கும்பிட்டார்கள். மத்தளக்காரன் இன்னும் வேகமாய் அடித்தான். நான் எண்ணெய்த் துணியோடு களரிக்குள் பாய்ந்தேன். கூத்துப் பழக்கின அண்ணாவியார் என் நெஞ்சில் கையை வைத்துத் தள்ளினார். நல்ல மனிசர்தான், அவர் கண்ணிலும் தண்ணீர். "சுண்ணாம்பு அண்ணாவியார், சுண்ணாம்பு!" என்று கத்தினேன். குரவையில் என் சத்தம் எனக்கே கேட்கவில்லை. அவர் சொன்னது மட்டும் கேட்டது: "கிட்ட வராத! அம்மாள் நிக்கிற முகத்தத் துடைக்கப் போறியா?"

மறு தோணி

கடைசியில் அவனை இழுத்து வெளியே எடுத்தது தாய்தான். பெத்தவளுக்குப் பிள்ளையின் குரலும் தெய்வத்தின் குரலும் வேறு வேறாய்த் தெரிந்தது. கிணற்றடியில் வைத்து நான் எண்ணெய் ஊற்ற ஊற்ற அவள் துடைத்தாள். பூச்சோடு தோலும் வந்தது. விடிந்ததும் அவள் என் பெட்டியைத் திறந்து, மிச்ச வெள்ளையைத் தகரத்தோடு கொண்டுபோய் வாவியில் எறிந்தாள். நான் தடுக்கவில்லை. அந்த நேரம் யார் தடுப்பார்கள்? புண் ஆறியது. ஆறின இடமெல்லாம் வெளிறிப் படர்ந்து நின்றது.

அதற்குப் பிறகு ஒரு சொல் செய்த வேலையைக் கேளுங்கள். கிணற்றடியில் யாரோ சுகம் விசாரிக்க, தாய், "என்ர மனேட முகத்தில வெள்ளை இன்னும் போகல்லகா" என்றிருக்கிறாள். அவள் சொன்னது நான் பூசின வெள்ளையை. கேட்டவளின் காதில் விழுந்தது வியாதி வெள்ளை. குடத்தில் தண்ணீர் நிறையுமுன் ஊர் நிறைந்துவிட்டது. பிறகு ஒருநாள் தம்பிராசா வாவிக்கு அந்தப் பக்கம் படுவான்கரை வயலுக்குப் போகத் துறைக்கு வந்தான். தோணிக்குள் இருந்தவர்கள் நெருங்கி நெருங்கி ஒரு பக்கமாய் ஒதுங்கினார்கள். தோணி சரிந்தது. அவனோடு ஒரே வட்டிலில் சோறு தின்ற தோணிக்காரன், தண்ணீரைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: "நீ மறு தோணியில வா தம்பி."

இறகு

அடுத்ததாக அரசாங்க வைத்தியர், அப்போதிக்கரி ஐயா வந்தார். யாரோ சொல்லி, மேலிடத்து உத்தரவோடு வந்தார். தம்பிராசாவை முற்றத்தில் வெளிச்சத்துக்கு இருத்தி, கண்ணை மூடச் சொன்னார். எத்தனையோ தரம் என் முன்னால் அப்படி மூடிய கண். பையிலிருந்து ஒரு கோழி இறகை எடுத்தார். "தொட்டாச் சொல்லு தம்பி." மூக்கில் தொட்டார். "ஓம்" என்றான். நெற்றியில் தொட்டார். "ஓம்." கன்னத்து வெளிறலில் தொட்டார். அவன் சும்மா இருந்தான். இறகு எடுபடுமட்டும் சும்மா இருந்தான். பிறகு, "ஐயா, தொடல்லையா?" என்று கேட்டான். தாய் முந்தானையை வாய்க்குள் திணித்துக்கொண்டாள்.

நான் பொறுக்கமாட்டாமல் குறுக்கே விழுந்து கத்தினேன். பெருவியாதியில் மட்டுமில்லை, வெந்த தோலும் மரத்துத்தான் போகும், இது சுண்ணாம்பு, நானே வாங்கினேன், நானே பூசினேன் என்று. அவர் கோபிக்கவில்லை. "மிச்சம் இருக்கா, காட்டுங்க" என்றார். வாவியைக் காட்டினேன். வித்தவர் யார் என்றார். சொன்னேன். இறகைப் பைக்குள் வைத்துவிட்டு அவர் சொன்னது இது: "வித்தவர் வந்து என்ன கலந்ததெண்டு சொன்னா, வெந்த புண்ணெண்டு நான் எழுதுவன். இந்த மாதம் முடியுமட்டும் பொறுப்பன். மறுகா தீவுக்கு ஏத்தாம விட என்னால ஒண்ணா."

நான் உமது கடைக்கு வந்தேன். வெள்ளை என்ற சாமானே நீர் விற்றதில்லை என்றீர். சத்தம் போட்டேன்; ஆளை வைத்து வெளியே தள்ளினீர். அது போகட்டும், என்னைத் தள்ளாத கடை இந்தப் பட்டினத்தில் குறைவு. தீவில் இருக்கிறவர்கள் யாரும் பாவம் செய்து அங்கே போகவில்லை. அவர்களுக்கு நோய், அதற்கு அங்கே மருந்து. நோயில்லாதவனை உமது பொய்க்காக அங்கே அனுப்ப எந்த நியாயம் இருக்கிறது? இரவில் கண்ணை மூடினால் எனக்குத் தெரிவது அந்த இறகும், "தொடல்லையா?" என்று கேட்ட வாயும்தான். இப்போது எந்த முகத்துக்கு எண்ணெய் தடவினாலும் என் விரல் மரத்துப் போகிறது.

உம்மிடம் நட்டஈடு கேட்கவில்லை. இது நான் பேரம் பேசாமல் கேட்கிற முதல் காரியம்: மாதம் முடியுமுன் அப்போதிக்கரி ஐயாவுக்கு முன்னால் போய் நின்று "சுண்ணாம்பு கலந்தது நான்" என்று சொல்லும்; நாலு பேர் பார்ப்பார்களே என்று வெட்கமாயிருந்தால் முதலில் என்னிடம் வாரும், ஆளை அடையாளம் தெரியாமல் நானே உமக்குக் கூலியில்லாமல் வேசம் பூசி அனுப்புகிறேன்.