சைதூன் வைத்த பொய்ப்புள்ளி

சைதூனை ஏமாற்ற ஒருத்தன் இனிமேல்தான் பிறந்து வரவேண்டும் என்று கூடுவாஞ்சேரி மார்க்கெட்டில் சொல்வார்கள். கறிக்கடையில் தராசுத் தட்டைத் தூக்கி அடியில் ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பாள். பால் பாக்கெட்டை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்துவிட்டுக் கடைக்காரனை ஒரு பார்வை பார்ப்பாள் பாருங்கள், அவனுக்கே தன் பால்மேல் சந்தேகம் வந்துவிடும். கட்டிய கணவன் அப்பாஸ் கொஞ்சம் தாமதமாக வந்தாலும் அதே பார்வைதான். "போலீசுல சேர வேண்டியவ, தப்பிப்போயி ஊசி குத்த வந்துட்டா" என்பார் அவர்.

ஊசி என்றால் அக்குபங்சர் ஊசி. அந்தச் சீன வைத்தியத்துக்குள் அவள் வந்ததே சந்தேகத்தால்தான். அப்பாஸுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டு நிமிரமுடியாமல் கிடந்தபோது, தாம்பரத்தில் ஒருவர் ஒரே ஒரு ஊசியைக் குத்தி எழுப்பி நடக்கவிட்டார். சைதூன் நம்பவில்லை. இதில் ஏதோ தில்லுமுல்லு இருக்கிறது, கையும் களவுமாகப் பிடிக்கிறேன் பார் என்று அவருடைய ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் போய்ச் சேர்ந்தாள். பிடிக்கப் போனவள் பிடிபட்டுப் போனாள். இப்போது அப்பாஸ் பை விற்கும் கடைக்கு மேல்மாடியில் அவளுடைய கிளினிக். எலக்ட்ரிக் ட்ரெயினில் கம்பியைப் பிடித்துத் தொங்கியே தோள் போனவர்கள்தான் பாதிப்பேர். இரண்டு மணிக்கட்டிலும் நாடி பார்ப்பாள், ஒரு ஊசி வைப்பாள், பேசாமல் படுக்கச் சொல்வாள். ஒரு ஆளுக்கு ஒரு ஊசிதான், இரண்டாவது கிடையாது.

மாவட்டத்து அக்குபங்சர்காரர்கள் சேர்ந்து இணையத்தில் ஒரு பக்கம் வைத்திருந்தார்கள். யாருக்கு என்ன நோவு வந்தது, எந்தப் புள்ளியில் குத்தினேன், என்ன ஆயிற்று என்று எழுதலாம். ஒருவர் எழுதியதை இன்னொருவர் திருத்தலாம். கீழே, செய்து பார்த்தவர்கள் 'பலித்தது' என்றோ 'பலிக்கவில்லை' என்றோ போடவேண்டும். அங்கே ஒரே ஒரு சட்டம் உண்டு. புதுப்புள்ளி எதுவானாலும் முதலில் தன் உடம்பில் குத்திப் பார்த்த பிறகுதான் அடுத்தவர் உடம்பைத் தொடலாம். அந்தப் பக்கத்தில் சைதூன் எழுதியதற்குத் தனி மரியாதை இருந்தது. அவள் குறிப்புகளின் கீழே 'பலித்தது, பலித்தது' என்று வரிசையாக நிற்கும். ஃபோனைத் திறந்து அதைப் பார்ப்பதில் அவளுக்கு ஒரு சுகம். ஊரையே நம்பாதவள் அந்த ஒரு வார்த்தையை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு நம்பினாள்.

அதிலும் ஒரு முள் இருந்தது. அவள் எழுதிய குறிப்பு எதைத் திறந்தாலும் தலைப்பில் 'மாற்றியது: ஜெபக்குமார்' என்று இருக்கும். என்ன மாற்றினான் என்று தட்டிப் பார்க்க வசதி உண்டு. இவள் தட்டவே இல்லை. பெயரைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும், அப்புறம் எங்கே தட்டுவது!

ஜெபக்குமார் மாமல்லபுரத்துக்காரன். முன்பு சிற்பக் கூடத்தில் கல்லுக்கு மெருகு போடும் மெஷின் பிடித்தவன், பிறகு இந்த வைத்தியம் படித்து அங்கேயே கிளினிக் வைத்தான். ஒருநாள் அந்தப் பக்கத்திலிருந்து வந்த நோயாளி ஒருத்தி, ஊசி வைத்ததும் சொன்னாள்: "எங்கூர்ல ஜெபக்குமாரும் இதே எடத்துலதாம்மா குத்துறாரு. வெள்ளக்காரங்களுக்கு கிளாஸ்கூட எடுக்குறாராம்."

போதாதா? சைதூனுக்கு அன்று சோறு இறங்கவில்லை. இவள் மண்டையை உடைத்துக்கொண்டு கண்டுபிடிப்பாளாம், அவன் கடற்கரையில் உட்கார்ந்து வெள்ளைக்காரனுக்கு விற்பானாம். அதற்கு வசதியாக ஒவ்வொன்றிலும் தன் பெயரை வேறு ஒட்டி வைத்திருக்கிறான்! 'எல்லாருக்கும்தானே எழுதுற' என்று அப்பாஸ் ஒரு வார்த்தை சொன்னதற்கு, அவர்மேலும் பாய்ந்தாள்.

பிறகுதான் அந்த வேலையைச் செய்தாள். கெண்டைக்கால் சதையின் ஓரமாக, எந்தப் பாடத்திலும் எந்தப் படத்திலும் இல்லாத ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்தாள். அங்கே குத்தினால் கெடுதலும் இல்லை, பலனும் இல்லை. 'தூக்கமுடியாத தோளுக்கு எதிர்ப்பக்கக் காலில் இந்தப் புள்ளி. பலருக்குக் குணமானது' என்று கூசாமல் எழுதிப் பக்கத்தில் போட்டாள். தன் காலில் குத்திப் பார்க்கவும் இல்லை. பொய்ப்புள்ளிக்கு எதற்கு அதெல்லாம்? நாளைக்கு மாமல்லபுரத்திலிருந்து வருகிற எவராவது 'காலில் குத்தினார்' என்று சொல்லட்டும், அப்போது இருக்கிறது அவனுக்கு.

முதலில் வந்தது அச்சரப்பாக்கம் அருணகிரி. அந்தப் பக்கத்தைப் பொறுப்பாகப் பார்த்துக்கொள்ளும் பெரியவர். 'பார்த்தேன். பலித்தது. அருமை, சகோதரி' என்று போட்டார். அடுத்து பொத்தேரி கன்னியம்மா: 'ஹாஸ்டல் பையன் ஒருவனுக்கு உடனே கை தூக்க முடிந்தது. பலித்தது.' அதற்கும் கீழே இன்னும் நாலைந்து பேர். சைதூனுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. மாடியிலிருந்து இறங்கிவந்து அப்பாஸிடம் காட்டினாள்.

"இன்னா கூத்து பாருங்க மச்சான்! இல்லாத எடத்துல குத்திட்டு பலிச்சுதாம்!"

அப்பாஸ் பைகளைத் தூசிதட்டிக்கொண்டே கேட்டார். "அப்போ நீ நெசமா எழுதுனதுக்கெல்லாம் பலிச்சுதுன்னு போட்டாங்களே, அதுவும் இப்டித்தானா?"

சைதூனின் சிரிப்பு நின்றுவிட்டது. அதன்பிறகு அவள் அந்தப் பக்கத்தைப் பார்த்த பார்வையே வேறு. எது உண்மை, எது மரியாதைக்குப் போட்டது? கன்னியம்மா தன் காலில் குத்திப் பார்த்தாளா? அருணகிரி ஊசியைக் கையிலாவது எடுத்தாரா? ஜெபக்குமாரிடமிருந்து மட்டும் ஒரு சொல்லும் வரவில்லை. கள்ளன், சத்தமில்லாமல் விற்றுக்கொண்டிருக்கிறான் என்று நினைத்தாள்.

அப்புறம் ஒரு காலை வேளையில் அவனே மாடிப்படி ஏறி வந்து நின்றான். லேசாக நொண்டினான்.

"அக்கா, நான் ஜெபக்குமார். மாமல்லபுரம். உங்கள நேர்ல பாக்கணும்னு ரொம்ப நாளா ஆசை."

"அப்படியா? உக்காரு" என்றாள் சைதூன், உட்காரச் சொல்லும் குரலாக அது இல்லை.

அவன் உட்கார்ந்து பேண்ட்டை முழங்கால்வரை சுருட்டினான். கெண்டைக்கால் ஓரத்தில் அந்த இடம் முழுக்கக் கன்றிப்போய் நீலம் பாரித்திருந்தது. "மெருகு மெஷின் புடிச்சதுல எனக்கே வலது தோள் தூக்க வராதுக்கா. நீங்க எழுதுனத பாத்ததும் அவ்ளோ சந்தோஷம். தெனமும் குத்திக்கினு கீறேன், ஒண்ணும் ஆவல. எல்லாருக்கும் பலிக்குது, எனக்கு மட்டும் இல்லன்னா எடத்தத்தான் தப்பா புடிக்கிறேன். அதான் பலிக்கலன்னு போடாம உங்களாண்ட வந்தேன். கொஞ்சம் எடத்த காட்டுங்கக்கா."

சைதூன் அந்தக் காலைப் பார்த்தாள். ஃபோனை எடுத்து, இத்தனை நாள் தட்டாததைத் தட்டினாள். அவன் மாற்றியது என்ன? ஒன்றில் 'கர்ப்பிணிகளுக்கு இது வேண்டாம்' என்று சேர்த்திருந்தான். இன்னொன்றில் இவள் இடது வலது மாற்றி எழுதியதைச் சரிசெய்திருந்தான். வேறொன்றில் 'இது கூடுவாஞ்சேரி சைதூன் அக்கா கண்டது, சொல்லிக்கொடுப்பவர்கள் அவர் பெயரைச் சொல்லுங்கள்' என்று இருந்தது. அவமானத்தில் அவளுக்குக் காது சுட்டது.

"அது பொய் தம்பி" என்றாள். "அங்க புள்ளியே இல்ல. உன்ன புடிக்கத்தான் போட்டேன். நீ திருடுறன்னு நெனச்சேன்."

அவன் பேண்ட்டை மெதுவாக இறக்கிவிட்டான்.

அவன் கண்முன்னாலேயே சைதூன் பக்கத்தில் எழுதினாள்: 'இந்தப் புள்ளி பொய். நான்தான் எழுதினேன். யாரும் குத்தவேண்டாம்.' அப்பாஸ் கீழேயிருந்து அனுப்பிய டீ ஆறுவதற்குள் அருணகிரி அதை அழித்து, பழையபடி மாற்றிவிட்டார். 'நம் சகோதரி பெயரில் யாரோ நுழைந்து விஷமம் செய்கிறார்கள். பலருக்குக் குணமான புள்ளி இது. அவர் கணக்கைத் தற்காலிகமாக மூடியிருக்கிறேன்.' சைதூன் அவருக்கு ஃபோன் போட்டாள். "சங்கடப்படாதம்மா, யாரோ உன்ன மெரட்டுறாங்க, எனக்குப் புரியுது" என்று சொல்லி வைத்துவிட்டார்.

"பாத்தியா தம்பி? நானே சொல்றேன், நம்ப மாட்டேங்குறாங்க" என்றாள்.

ஜெபக்குமார் எழுந்தான். "அக்கா, மசக்கை வாந்திக்கு ஒண்ணு எழுதியிருந்தீங்களே. எம் பொண்டாட்டிக்கு இது நாலாம் மாசம். அததான் அவளுக்கு குத்திக்கினு கீறேன்."

"ஐயோ, அல்லா மேல ஆணையா அது நெசம்! என் ரெண்டு புள்ளையும் வயித்துல இருந்தப்போ எனக்கே வச்சுப் பாத்தது. வேணும்னா நான் வூட்டுக்கு வந்து அவ நாடியப் பாக்குறேன்."

"வேணாங்கக்கா."

அவ்வளவுதான் சொன்னான். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. ஆனால் வாசலில் செருப்பு மாட்டும்போது திரும்பி ஒரு பார்வை பார்த்தான். பால் பாக்கெட்டை முகர்ந்துவிட்டுச் சைதூன் கடைக்காரனைப் பார்ப்பாளே, அதே பார்வை. தான் பார்த்த காலமெல்லாம் அது எதிரில் இருப்பவருக்கு எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது.

மறுநாள் அந்தப் பக்கத்தைத் திறந்தாள். எழுதத்தான் முடியாது, படிக்கலாம். பொய்ப்புள்ளியின் கீழே புதிதாக ஒருவர் 'பலித்தது' என்று போட்டிருந்தார். அவள் நிஜமாக எழுதிய குறிப்புகளின் தலைப்பில் எல்லாம் நேற்றைய தேதியோடு 'மாற்றியது: ஜெபக்குமார்' என்று இருந்தது. இந்த முறை ஒன்று விடாமல் தட்டிப் பார்த்தாள். இத்தனை வருடமாக அவற்றின் கீழே அவன் தன் பெயரில் போட்டிருந்த 'பலித்தது' ஒவ்வொன்றையும் எடுத்துவிட்டு, 'மறுபடி பார்க்கவேண்டும்' என்று எழுதியிருந்தான். மசக்கைக் குறிப்பிலும் அதேதான்.

அந்தப் பக்கத்தில் நிஜமாகவே குத்திப் பார்த்துவிட்டு 'பலித்தது' என்று போட்டிருந்த ஒரே ஆள் அவன்தான் என்பதில் சைதூனுக்கு இப்போது துளிச் சந்தேகமும் இல்லை.