கையைப் பார்க்காத கோடு

மவுஸால் படம் வரையலாம் என்று முதலில் சொன்னவன் யாரென்று தெரிந்தால் நன்றாகத் திட்டியிருப்பேன். எங்கள் ஊர் ஓலைத்தொடுவாயில் படகுகளுக்குப் பெயரும் அந்தோனியார் படமும் கணினியில் வரைந்து கொடுப்பது என் வேலை. நகரத்துக் கடையில் அதை ஸ்டிக்கராக வெட்டித் தருவார்கள். திருநாளன்று பங்குச் சாமியார் படகுகளை ஆசீர்வதிப்பார். அதற்குள் எல்லாம் ஒட்டியிருக்க வேண்டும். ஒரு வருடம் மவுஸைப் பிடித்துப் பிடித்தே என் மணிக்கட்டு வீங்கிவிட்டது. ஒப்புக்கொண்டதில் பாதிகூட முடியவில்லை. கைவிட்டால் அடுத்த வருடம் ஒருவரும் என்னிடம் வரமாட்டார்கள்.

பேனாவால் வரைகிற பலகை ஒன்று வாங்க, என் மனுசனையும் இழுத்துக்கொண்டு மன்னாருக்குப் போனேன். கடைக்காரர் திரையோடு கூடிய பெரியதைத்தான் முதலில் காட்டினார். அந்த விலைக்குப் படகுக்குப் பழைய எஞ்சினே வாங்கலாம்.

"எழுத்தும் ஒரு அந்தோனியாரும்தான் வரையிறனான். சினிமா எடுக்கேல்லை" என்றேன்.

அடுத்தது உள்ளங்கை அளவு. படகுப் பெயருக்கு நீண்ட வளைவு வேண்டும். பாதி வளைவிலேயே பலகை முடிந்துவிட்டது. கடைசியில் பள்ளிக்கூடக் கொப்பி அளவில் ஒரு கறுப்புப் பலகை. திரை இல்லை. பேனாவுக்கு பற்றரி தேவையில்லை. மாற்று முனைகளும் பெட்டிக்குள் இருந்தன.

வரைந்து பார்த்தேன். பலகையில் ஒன்றும் விழவில்லை; கடைக் கணினியின் திரையில் கோடு எங்கோ கோணலாக ஓடியது. பழுதான சாமானை என் தலையில் கட்டப் பார்க்கிறீர்களா என்று கடை அதிரக் கேட்டேன். என் மனுசன் சிரித்தார்.

"நான் படகு ஓட்டேக்க எஞ்சின் பிடியையே பாக்கிறன்? முன்னால தண்ணியையெல்லோ பாக்கிறன். கையை விட்டிட்டு அங்க பார்."

சொன்னதோடு நிற்காமல் பேனாவை வாங்கி ஒரு மீன் வரைந்தார்.

"உது மீனோ, கத்தரிக்காயோ?"

"கோடு நினைச்ச இடத்துக்குப் போச்சுதோ இல்லையோ? அதைச் சொல்லு."

போயிருந்தது. எனக்கு எரிச்சலாக வந்தது. பேனாவைப் பறித்து, திரையை மட்டும் பார்த்து 'அ' எழுதினேன். முதலாவது கேவலம். மூன்றாவதில் வால் அழகாக வளைந்தது. கத்தியதற்குக் கடைக்காரரிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. வாங்கிவிட்டேனே, அது போதும்.

திருநாளுக்கு முதல்நாள் கடைசிப் படகுக்கும் ஒட்டினோம். அந்தோனியார் கையிலிருக்கிற குழந்தை யேசுவின் கன்னம் கொழுத்துவிட்டது என்று அதன் சொந்தக்காரர் குறை சொன்னார். பிள்ளை ஒழுங்காகச் சாப்பிடுகிறது, உங்களுக்கென்ன என்றேன். மறுநாள் சாமியார் தீர்த்தம் தெளித்துக்கொண்டு போகும்போதே, அடுத்த வருடம் தன் மகனின் புதுப் படகுக்கும் நான்தான் வரைய வேண்டும் என்று அந்தப் படகுக்காரர் சொல்லிவைத்தார். கன்னம் மட்டும் கொஞ்சம் மெலியட்டுமாம். பார்க்கலாம் என்றேன்.